கதவோரத்து ஸ்டிக்கர்

அன்புள்ள மருமகளுக்கு,

நீ அனுப்பிய படங்களையும் விளம்பரத்தையும் பார்த்தேன். ட்ரெய்லர் வடிவாகத்தான் இருக்கிறது. பின்கதவைத் தூக்கினால் குட்டி அடுப்பு, உள்ளே இரண்டு பேர் படுக்க மெத்தை, கூரையில் ஒரு கண்ணாடிச் சாளரம். 'வெறும் எடை 1,250 இறாத்தல், சின்னக் காரும் இழுக்கும்' என்று கீழே எழுதியிருக்கிறார்கள். உன் ஹோண்டா சி.ஆர்.வி.யின் கையேட்டில் 1,500 இறாத்தல் வரை இழுக்கலாம் என்று இருக்கிறது. 250 இறாத்தல் மிச்சம் வருகிறதே மாமா, முற்பணம் கட்டட்டுமா என்று கேட்கிறாய். கட்டாதே. அந்த மிச்சம் எங்கே போகிறதென்று முதலில் பார்ப்போம்.

வெறும் எடை என்றால் தொழிற்சாலையை விட்டு வெளிக்கிடும்போது இருந்த எடை. பெரும்பாலான விளம்பரங்களில் அதற்குள் பேட்டரி இல்லை, காஸ் இல்லை, தண்ணீர் இல்லை. வாங்கினவர் பிறகு பூட்டிய வெயில்மறைப்பும் மேலதிகச் சில்லும் இல்லை. இனி நீ கூட்டிப் பார். 1,500 இறாத்தல் என்றால் 680 கிலோ. 1,250 என்றால் 567. கையில் மிஞ்சுவது 113 கிலோ. ட்ரெய்லருக்குப் போடும் சாதாரண ஈய பேட்டரி ஒன்று ஏறத்தாழ 22 கிலோ வரும். பார்பிக்யூவுக்கு நாங்கள் மாற்றி எடுக்கும் அதே காஸ் சிலிண்டர், நிரம்பியிருந்தால் 17 கிலோ. தண்ணீர் லீற்றருக்கு ஒரு கிலோ, 40 லீற்றர் தாங்கி என்றால் 40. ஆக 79 கிலோ போய்விட்டது. மிஞ்சிய 34 கிலோவுக்குள் போர்வை, தலையணை, கதிரைகள், மழைக்குக் கட்டும் படங்கு, சட்டி பானை எல்லாம் அடங்க வேண்டும். அல்கொன்குவின் பூங்காவுக்கு அக்காவும் வருகிறாள் என்று எழுதியிருக்கிறாய். என் அக்காவை எனக்குத் தெரியும். அந்தக் காட்டுக்குள்ளும் அவளுக்கு இடியப்பத் தட்டும் சோற்றுப் பானையும் வேண்டும், அரிசியையும் வீட்டிலிருந்துதான் கட்டுவாள்.

அதனால் விளம்பரத்தில் வெறும் எடையைப் பார்த்து ட்ரெய்லரைத் தெரிவு செய்யாதே. ட்ரெய்லரின் முன்பக்கத்தில், வழக்கமாகச் சாரதிப் பக்கமாக, ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். சாமான்களோடு சேர்த்து அந்த ட்ரெய்லர் எவ்வளவு வரை இருக்கலாம் என்ற மொத்த எடை அதில் இருக்கும். நான் வேலை செய்த கராஜில் அதை ஜி.வி.டபிள்யூ.ஆர். என்போம். அந்த இலக்கம் உன் காரின் 1,500க்குள் இருந்தால், நீ எதை ஏற்றினாலும், ட்ரெய்லரின் அளவை மீறாத வரைக்கும் காரின் அளவையும் மீறமாட்டாய். அப்படிக் கிடைக்காவிட்டால் வெறும் எடை 1,000 இறாத்தலுக்குள் இருப்பதைத் தேடு. துளி வடிவத்தில் வரும் 'டியர்ட்ராப்' ட்ரெய்லர்களில் அந்த எடைக்குள் நல்லவை இருக்கின்றன. நீ பார்த்து வைத்திருப்பது அந்தக் குடும்பத்தில் கொழுத்த பிள்ளை.

இது ட்ரெய்லரின் பக்கம். காரின் பக்கத்தைத்தான் அநேகமானவர்கள் பார்க்காமல் விடுகிறார்கள்.

சாரதிக் கதவைத் திற. கதவு மூடுகிற தூணில், ரயர் காற்றழுத்தம் எழுதிய ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். அதில் ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்று ஒரு வரி இருக்கும். உன் காரில் அது 385 கிலோ என்று சொன்னாய். ட்ரெய்லரைப் பின்னால்தானே இழுக்கிறோம், அது இதற்குள் எப்படி வரும் என்று நினைப்பாய். ட்ரெய்லரின் முன்தண்டு காரின் கொழுக்கியில் உள்ள குண்டின்மேல் அமுக்கிக்கொண்டிருக்கிறதல்லவா, அந்தப் பாரத்தைக் கார் சுமக்கிறது, இழுக்கவில்லை. ஆகவே அது 385க்குள் வரும். நீ, மாப்பிள்ளை, அக்கா, சின்னவன் நான்கு பேரும் சேர்ந்து ஒரு 225 கிலோ என்று வைப்போம். உன் வயதுப் பெண்ணிடம் எடை கேட்கிற துணிவு எனக்கில்லை, சும்மா ஒரு மதிப்புத்தான். முன்தண்டின் பாரம் 70. காருக்கடியில் பூட்டும் ஹிட்ச் இரும்பு 15. கூட்டினால் 310. மிஞ்சிய 75 கிலோவில் கூலர்பெட்டியும் உடுப்புப் பெட்டிகளும் சின்னவனின் சைக்கிளும் வர வேண்டும். முடியும், ஆனால் அவ்வளவுதான் முடியும். சில வாகனங்களின் கையேட்டில், ஆள் கூடக்கூட இழுக்கக்கூடிய எடை குறைந்துகொண்டே போகிற அட்டவணையும் இருக்கும். கையேட்டின் இழுவைப் பக்கங்களைத் தேநீரோடு ஒரு தரம் முழுமையாக வாசி.

கராஜில் நான் இருந்த காலத்தில் அடிக்கடி கேட்ட பேச்சு ஒன்று உண்டு. 'அண்ணை, 3,500 இறாத்தல் தாங்குகிற ஹிட்ச் பூட்டிவிடுங்கோ, பெரிய ட்ரெய்லர் இழுக்கலாம்.' ஹிட்ச் தாங்கும். அந்த 3,500 அந்த இரும்புத் துண்டின் பலம் மட்டுந்தான். காரின் கியர்பெட்டி, பின் ஸ்பிரிங், பிரேக் எதுவும் அதனால் பலமாகிவிடாது. கார், ஹிட்ச், குண்டு, குண்டு நிற்கிற தண்டு, இவற்றில் எது மிகக் குறைவோ அதுதான் உன் அளவு. உன் காரில் அது கார்தான்.

ஜேர்மனியில் இருக்கிற உன் மச்சான் கொல்ப் காரில் பெரிய கரவனையே இழுத்துக்கொண்டு போகிறானே என்றும் கேட்டிருந்தாய். அவன் பொய் சொல்லவில்லை. அங்கே அந்தக் காருக்குப் பிரேக் உள்ள ட்ரெய்லர் ஆயிரம் கிலோவுக்கு மேலும் அனுமதி உண்டு, இங்கே கனடாவில் அதே அளவுக் கார்கள் பலவற்றின் கையேட்டில் ட்ரெய்லர் இழுக்கவே வேண்டாம் என்று போட்டிருக்கும். அங்கே ட்ரெய்லரோடு போனால் பொதுவாக மணிக்கு 80 கிலோமீற்றர். ஓட்டோபானில் 100 ஓடுவதற்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டும். முன்தண்டில் வைக்கும் பாரத்தையும் அவர்கள் இங்கத்தையைவிடக் குறைவாகத்தான் வைக்கிறார்கள். நாங்கள் 401ஆம் நெடுஞ்சாலையில் 110க்குப் பறக்கிற வாகனங்களுக்கிடையில் போகிறவர்கள். அந்த வேகத்தில் ட்ரெய்லர் ஆடாமலிருக்க முன்தண்டில் கூடுதல் பாரம் வேண்டும், கூடுதல் பாரத்தைச் சின்னக் காரின் பின்பக்கம் தாங்காது. ஏதாவது நடந்தால் காப்புறுதிக்காரர் பார்க்கப் போவதும் இந்த நாட்டுக் கையேட்டைத்தான், மச்சானின் கையேட்டை அல்ல.

அந்த ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆளைக் கொல்வது அதுதான். ட்ரெய்லரின் மொத்த எடையில் நூற்றுக்குப் 10 முதல் 15 வரை முன்தண்டில் இருக்க வேண்டும். அதைவிடக் குறைந்தால், அதாவது பாரம் அச்சுக்குப் பின்னால் கூடினால், ட்ரெய்லர் இடமும் வலமுமாக வாலாட்டத் தொடங்கும். வேகம் கூடக்கூட ஆட்டம் பெரிதாகி, ஒரு கட்டத்தில் காரையே தூக்கித் திருப்பிவிடும். டியர்ட்ராப்பில் இந்த ஆபத்துக்குத் தனிக் காரணம் உண்டு. அடுப்படி பின்னால் இருக்கிறது. சட்டி, பானை, ரின் உணவு, தண்ணீர்க்கான் எல்லாம் இயல்பாகவே பின்னால் போய்ச் சேரும். போதாததற்கு சைக்கிள் தாங்கியையும் பின்னால் பூட்டுவார்கள். நீ பாரமானதை எல்லாம் அச்சுக்குச் சற்று முன்னால், தரையோடு வை. சைக்கிள் காரின் கூரைக்குப் போகட்டும்.

அளப்பதற்குப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். குளியலறையில் எடை பார்க்கிற தராசு போதும். மட்டமான இடம் ஒன்றில், பயணத்துக்கு ஏற்றுவது போலவே எல்லாவற்றையும் ஏற்றிய ட்ரெய்லரை நிறுத்து. சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துவிட்டுக் காரிலிருந்து கழற்று. தராசின்மேல் ஒரு பலகையும் அதன்மேல் நிமிர்த்தின மரக்குற்றி ஒன்றும் வை. முன்தண்டின் ஜக்கைச் சுற்றித் தண்டை மெல்ல இறக்கி, குண்டைக் கவ்வுகிற கப்ளர் அந்தக் குற்றியில் முழுதாக உட்காரும்படி விடு. ஜக்கின் கால் நிலத்தைத் தொடாமல் தூக்கியிருக்க வேண்டும். ட்ரெய்லர் மட்டமாக, காரோடு பூட்டியிருக்கும் அதே உயரத்தில் நிற்கவேண்டும், மூக்கு இறங்கினாலோ தூக்கினாலோ தராசு தப்பான இலக்கம் காட்டும். காட்டுகிற எடையிலிருந்து பலகையையும் குற்றியையும் கழித்துவிடு. மொத்தம் 600 கிலோ என்றால் 60க்கும் 90க்கும் இடையில் நிற்க வேண்டும், உன் கையேடும் ஹிட்சும் சொல்லும் உச்சத்தை அது தாண்டவும் கூடாது. குறைந்தால் தண்ணீர்க்கானைத் தூக்கி முன்னால் வைத்துவிட்டு மறுபடி பார். சாமான் இடம் மாற மாற முள் எப்படி ஓடுகிறதென்று சின்னவனையும் பார்க்க விடு. மொத்த எடைக்கு லொறிகள் நிற்கிற இடத்து எடைமேடைக்குப் போ, சில்லறைக் காசுதான்.

ஓடும்போது ஆட்டம் வந்துவிட்டால் காரின் பிரேக்கை அழுத்தாதே, ஸ்ரியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டாதே. பெற்றோல் பெடலிலிருந்து காலை எடு, ஸ்ரியரிங்கை நேராகப் பிடி, வேகம் தானாக இறங்கட்டும். ட்ரெய்லருக்குத் தனியாக மின்பிரேக் இருந்தால் அதை மட்டும் கையால் மெல்லப் போடு, பின்னாலிருந்து பிடித்து இழுத்து நேராக்கும். ஒன்ராறியோவில் மொத்த எடை 1,360 கிலோவும் அதற்கு மேலும் என்றால்தான் ட்ரெய்லருக்குப் பிரேக் கட்டாயம். ஆனால் சட்டம் கேட்கவில்லை என்பதற்காக விட்டுவிடாதே. ஹோண்டாவின் கையேடு 1,000 இறாத்தலிலேயே பிரேக் நல்லதென்கிறது, நானும் அதே கட்சி. அல்கொன்குவினுக்குள் போகிற 60ஆம் நெடுஞ்சாலையில் ஏற்ற இறக்கம் கொஞ்சமல்ல. இறக்கத்தில் கியரைக் குறைத்து இறங்கு. ஏற்றத்தில் லொறிகளுக்குப் பின்னால் மெதுவாகவே ஏறு. உன் காரில் இருக்கிற சி.வி.ரி. கியர்பெட்டிக்குச் சூடுதான் எதிரி.

இனி எந்த வகை என்பது. கூடாரம் போல விரிகிற பொப்அப் ட்ரெய்லரில் இடம் அதிகம், பாதையில் தட்டையாகக் கிடப்பதால் காற்றும் பிடிக்காது. ஆனால் ஈரத்தோடு மடித்தால் பூஞ்சணம் பிடிக்கும், மழையில் மடித்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு திங்கட்கிழமை வீட்டு முற்றத்தில் அதை விரித்துக் காயவைக்க வேண்டும். டவுன்ஹவுஸில் இருக்கிற உனக்கு முற்றம் எங்கே? என்றாவது ரொக்கி மலைப் பக்கம் போகிற எண்ணமிருந்தால் இன்னொன்று: லேக் லூயிஸில் துணிச்சுவர் உள்ளவர்களுக்குத் தனி முகாம், கரடிக்காக மின்வேலி போட்டது. கடினச் சுவர் உள்ளவர்கள் வேறு இடம். அதற்காகவே ஒரு ட்ரெய்லரைத் தள்ளிவிடத் தேவையில்லை, தெரிந்திரு, அவ்வளவுதான்.

முட்டை வடிவ ஃபைபர்கிளாஸ் ட்ரெய்லர்களில் எனக்கொரு மயக்கம் உண்டு, அதை மறைக்கப் போவதில்லை. 1968இல் வின்னிபெக்கில் ரே ஒலெக்கோ என்பவரும் சாண்டர் டூசாவும் சேர்ந்து போலர் என்ற 13 அடி ட்ரெய்லரைச் செய்தார்கள். ஒலெக்கோ அதற்கு முன் ஃபைபர்கிளாஸில் மலக்குழித் தாங்கி செய்தவர். அந்த யோசனைதான் இதற்கும் வந்தது. மேல் ஓடு ஒன்று, கீழ் ஓடு ஒன்று, நடுவில் ஒரு பொருத்து. கூரையில் தைத்த இடமோ ஒட்டிய இடமோ கிடையாது, ஆகவே தண்ணீர் இறங்குகிற வழிகள் குறைவு. ஏறத்தாழ பத்தாயிரம் செய்தார்கள், அரை நூற்றாண்டு கழித்தும் பாதையில் ஓடுகின்றன. வின்னிபெக்கில் 2018இல் ஐம்பதாவது ஆண்டு என்று நாடு முழுக்க இருந்து இழுத்துக்கொண்டு வந்து கூடினார்கள். மரச்சட்டமும் தகரமும் வைத்துச் செய்யும் ட்ரெய்லரில் இத்தனை வயது வரை மிஞ்சுவது அபூர்வம். ஆனாலும் உனக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். நின்று சமைக்கிற உயரம் இருப்பதால் அது காற்றை நேரே முகத்தில் வாங்கும். நெடுஞ்சாலை வேகத்தில் எடையைவிடக் காற்றே பெரிய பாரம். சில கையேடுகள் ட்ரெய்லரின் முகப்பு எத்தனை சதுர அடிக்கு மேல் போகக்கூடாது என்றும் சொல்லும். பழைய ட்ரெய்லர்களில் ஒவ்வொரு சொந்தக்காரரும் ஒரு குளிர்பெட்டி, ஒரு அலுமாரி என்று சேர்த்துச் சேர்த்து, விளம்பரத்தில் போட்ட எடை எப்போதோ பொய்யாகிவிட்டிருக்கும். கியூபெக்கில் செய்யும் அல்ட்டோவின் கூரை பதிந்து எழும், காற்றுக்கும் நல்லது, ஆனால் வெறும் எடையிலேயே உன் கார் தாங்காது. அடுத்த கார் பெரிதாக வாங்கினால் அப்போது பேசலாம்.

ஆகவே உனக்குச் சின்ன டியர்ட்ராப். அதை வாங்கினால் எதை விட்டுக்கொடுக்கிறாய் என்பதையும் தெரிந்துகொண்டு வாங்கு. உள்ளே நிற்க முடியாது, குனிந்து தவழ்ந்துதான் போகலாம். மழையில் சமைத்தால் முதுகு நனையும், படங்கு கட்டப் பழகிக்கொள். இரண்டு பேர்தான் படுக்கலாம், மற்ற இருவருக்கும் பக்கத்தில் ஒரு ரென்ற். மெத்தையில் யார், ரென்ற்றில் யார் என்பதில் நான் தலையிடமாட்டேன், ஆனால் அக்காவின் முழங்காலை யோசி. தவழ்ந்து ஏறுவதைவிட, இரவில் எழும்பி மலகூடத்துக்கு நடப்பதுதான் அவளுக்குச் சிரமம். கையால் தூக்கக்கூடிய சின்னக் கழிப்பறைப் பெட்டி விற்கிறார்கள். அதையும் எடைக்கணக்கில் சேர்.

இன்னொரு சிரமமும் உண்டு, அதற்குள் ஒரு நல்ல பக்கமும் உண்டு. ட்ரெய்லர் குட்டியாக இருந்தால் பின்னெடுக்கும்போது சட்டென்று மடிந்துவிடும், நீட்டானதைவிட இதுதான் சிரமம். ஸ்ரியரிங்கின் அடியில் கையை வைத்துக்கொள். கையை எந்தப் பக்கம் கொண்டுபோகிறாயோ ட்ரெய்லரின் பின்புறம் அந்தப் பக்கம் போகும். சரிவரவில்லையா, காரிலிருந்து கழற்றிவிட்டு மாப்பிள்ளையும் நீயும் கையால் தள்ளி முகாமில் நிறுத்துங்கள். பெரிய ட்ரெய்லர்காரர் வேடிக்கை பார்ப்பார்கள், அவர்களுக்கு அது முடியாது.

பழையதைப் பார்க்கப் போனால் மழை பெய்த அடுத்த நாள் போ. விற்பவர் கதவைத் திறந்து காற்றாட விடுவதற்கு முன் நீயே திறந்து முகர்ந்து பார். பூஞ்சண வாசம் சொல்வதை ஆள் சொல்லமாட்டார். கூரைச் சாளரத்தைச் சுற்றியும் மூலைகளிலும் பெருவிரலால் அமுக்கு. மெத்தையைத் தூக்கித் தரையைக் குதிக்காலால் மிதி. அமுங்கினால் மரம் உக்கியிருக்கிறது, விலை பேசாமல் வா. கீழே படுத்து ரோர்ச் அடித்து, முன்தண்டு சட்டத்தோடு சேர்கிற வளைவில் வெடிப்பு இருக்கிறதா பார். ரயரின் பக்கச்சுவரில் டி.ஓ.டி. எழுத்துகளின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 3118 என்றால் 2018ஆம் ஆண்டின் 31ஆம் கிழமை. பூ தேயாமல் புதிதாகத் தெரிந்தாலும் ஆறு வருடம் தாண்டினால் மாற்று. ட்ரெய்லர் ரயர் ஓடித் தேய்ந்து சாவதில்லை, நின்று வெயிலில் காய்ந்து வெடித்துத்தான் சாகும். கப்ளரில் குண்டின் அளவு பொறித்திருக்கும், 1⅞ அங்குலம் அல்லது 2 அங்குலம். 2 அங்குலக் கப்ளர் 1⅞ குண்டில் அழகாக உட்காரும், முதல் பள்ளத்தில் கழன்று எழும்பும். பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் தண்டுக்குக் கீழே ஒன்றையொன்று குறுக்கிட்டுக் கொளுவு, கழன்றாலும் தண்டு நிலத்தில் குத்தாமல் அவற்றின்மேல் விழும்.

வாங்குவதற்கு முன் மாநகரசபையிடமும் டவுன்ஹவுஸ் நிர்வாகத்திடமும் ட்ரெய்லரை எங்கே நிறுத்தலாம் என்று கேள். பல இடங்களில் வீட்டு வாசலில் நாள்கணக்காக நிறுத்த விடமாட்டார்கள், குளிர்காலம் முழுக்கப் பணம் கட்டி வேறிடத்தில் விட வேண்டிவரும். ஒன்ராறியோவில் ட்ரெய்லர் இலக்கத்தகட்டுக்கு ஒரே ஒரு தரம் பணம் கட்டினால் போதும், அதுதான் இதில் ஒரே மலிவான விஷயம்.

எல்லாவற்றுக்கும் முதல், ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்துப் பார். அல்லது அல்கொன்குவினின் மியூ லேக் போல யேர்ட் கூடாரம் உள்ள ஒன்ராறியோ பார்க்கில் போய்த் தங்கிப் பார், ட்ரெய்லரே தேவையில்லை என்று தோன்றினாலும் தோன்றும். நல்ல இடங்கள் ஐந்து மாதத்துக்கு முன்பே காலை 7 மணிக்கு முன்பதிவு திறந்தவுடன் முடிந்துவிடும், அலார்ம் வை.

இப்போது அந்த விற்பனைக்காரருக்கு எழுதி, ஜி.வி.டபிள்யூ.ஆர். ஸ்டிக்கரின் படமும், பிரேக் இருக்கிறதா என்ற பதிலும், ரயரின் நான்கு இலக்கமும் கேள். ஸ்டிக்கரில் 1,500க்கு மேல் இருந்தால் நன்றி சொல்லிவிட்டு விடு. 1,500க்குள் என்றால் சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போ. ரோர்ச்சும் குளியலறைத் தராசும் நான் கொண்டுவருகிறேன். கையேட்டை நீ கொண்டுவா.

அன்புடன்,
மாமா